ஆணி புடுங்குறவனும் பயிர் புடுங்குறவனும்

போன மாசம் ஒரு வாரக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா ஊட்டிக்குக் கீழே கேத்தி. கோயமுத்தூரில் அஞ்சு நாள் ஆணி புடுங்கிவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸைப் பிடித்தால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். சனிக்கிழமை காலையில் டீக்கடை. இந்தப் பதிவு அங்கேதான் ஆரம்பிச்சது.

பக்கத்துத் தோட்டத்து மாமா ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். உருளை, கேரட், மேட்டில் கொஞ்சம் தேயிலை வச்சிருக்கார். கையில் பேப்பர்.

"ஏம்ப்பா, நெல்லுல ஜீனைத் திருத்திட்டாங்களாமே. நம்ம உருளைக்கும் வருமா?"

"வரலாம் மாமா."

"வந்து முத்தோரைல நட்டாங்கன்னா, புடுங்க வருவியா?"

நான் சிரிச்சேன். அவர் சிரிக்கலை.

"சிரிக்காதே. கோயமுத்தூர்ப் பக்கம் நெல்லைப் புடுங்கிப் போட்டாங்க. நீ அப்ப ஸ்கூல் போயிட்டிருந்திருப்பே. என்னென்னமோ எழுதுறியே, இதுக்கு ஒரு பதில் சொல்லு பாப்போம்."

பதில் தெரியலை. "யோசிச்சுச் சொல்றேன் மாமா"ன்னு டீக்குக் காசு கொடுத்துட்டு நழுவிட்டேன். ஆனா கேள்வி விடலை. ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து படிச்சதில் எனக்குன்னு ஒரு முடிவு கிடைச்சிருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருக்கிறவங்க தொடருங்க, இல்லாதவங்க கடைசிப் பத்திக்குப் போயிடுங்க :-)

*

முதலில் முத்தோரை. வெளியூர் நண்பர்களுக்கு ஊட்டின்னா பூங்காவும் படகு இல்லமும்தான். எங்க ஊர் விவசாயிக்கு ஊட்டின்னா முத்தோரையும் சேர்த்துத்தான். அங்கே மத்திய அரசின் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1957-லிருந்து இருக்கு.

1961-ல் நீலகிரி மண்ணில் ஒரு புழுவைக் கண்டுபிடிச்சாங்க. உருளையின் வேரைத் தாக்குற முட்டைக்கூடு நூற்புழு. இந்தியாவில் அது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது இங்கேதான். ஐரோப்பாவிலிருந்து வந்த விதைக்கிழங்கோடு ஒட்டிக்கிட்டு வந்திருக்கணும்னு கருதுறாங்க. அதன் முட்டைக்கூடு குண்டூசித் தலை அளவுகூட இருக்காது. உள்ளே நூத்துக்கணக்கான முட்டை. உருளையே போடாமல் விட்டாலும் இருபது வருஷம்கூட மண்ணுக்குள்ளே உயிரோட கிடக்கும். இதனால நீலகிரி உருளையை விதைக்காக வெளியே கொண்டுபோகவே தடை போட்டாங்க. மூட்டையைத் தூக்குனவருக்கும் தெரியாது, நட்டவருக்கும் தெரியாது, யாரும் யாரையும் கேட்கலை. ஆனா அறுபது வருஷத்துக்கு மேல அதுக்கு விலை கொடுக்கிறது இந்த மலையில் உருளை போடுறவங்கதான்.

கதையின் இன்னொரு பாதியையும் சொல்லணும். அந்தப் புழுவைத் தாங்குற ரகத்தைக் கொடுத்ததும் அதே ஆராய்ச்சிக்காரங்கதான். 1985-ல் வந்த குஃப்ரி ஸ்வர்ணா. காட்டு உருளை இனத்திலிருந்து வந்த எதிர்ப்புக் குணத்தை சாதாரணக் கலப்பு முறையில் ஏத்தி உண்டாக்கினது. அரசு ரகம், அறுத்த கிழங்கில் விதைக்கு எடுத்து வச்சு அடுத்த போகத்துக்குப் போட்டுக்கலாம், யாரும் வந்து ராயல்டி கேட்க மாட்டாங்க.

அதனால எங்க ஊர் மாமாவை "விஞ்ஞானத்துக்கு எதிரி"ன்னு ஒரு வார்த்தையில் ஒதுக்கிட முடியாது. விஞ்ஞானம் கொடுத்ததையும் பார்த்திருக்கார், விதையோட கண்ணுக்குத் தெரியாம வந்ததையும் பார்த்திருக்கார். அவர் கேட்ட கேள்விக்கு அந்த ரெண்டு அனுபவமும் சேர்த்துத்தான் மரியாதை.

மரபணு மாற்றிய உருளைங்கறது கற்பனையும் இல்லை. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆசிஷ் தத்தாவின் குழு, கீரை இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் மரபணுவை உருளையில் ஏத்தி, புரதம் கூடுதலா இருக்கிற கிழங்கை உருவாக்கினாங்க. வயலில் வளர்த்துப் பார்த்து 2010-ல் முடிவுகளைக் கட்டுரையா வெளியிட்டாங்க. விவசாயி கைக்கு அது வரலை. வரவே வராதுன்னு யாரும் சொல்ல முடியாது.

*

இப்போ மாமா சொன்ன கோயமுத்தூர்க் கதை.

2006 நவம்பர். கோவைக்கு மேற்கே, சிறுவாணி போற வழியில் ஆலாந்துறை. அந்தப் பக்கத்து வயல் ஒண்ணில் மஹிகோ நிறுவனத்தின் பி.டி. நெல் சோதனைக்காக வளர்ந்துக்கிட்டிருந்தது. தண்டுத் துளைப்பான் புழுவைக் கொல்ற நஞ்சைத் தானே உண்டாக்கிக்கிற மாதிரி, மண்ணில் இருக்கிற ஒரு பாக்டீரியாவின் மரபணுவை ஏத்தின நெல். விவசாய சங்கத்துக்காரங்க வயலில் இறங்கிப் பிடுங்கிப் போட்டாங்க. அதுக்கு ரெண்டு வாரம் முன்னால, அக்டோபர் கடைசியில், ஹரியானாவில் கர்னால் மாவட்டத்து ராம்புராவில் பாரதிய கிசான் யூனியன் ஆட்கள் இதே மாதிரி ஒரு சோதனை வயலைக் கொளுத்தியிருந்தாங்க. அந்த நிலத்துக்காரர், தன் வயலில் என்ன நட்டிருக்காங்கன்னு தனக்குச் சொல்லவே இல்லைன்னு சொன்னார்.

இந்த வாக்கியத்தை மட்டும் ரெண்டு தடவை படிங்க. நிலம் அவரோடது. அவருக்கே தெரியலை.

அந்த வருஷம் ஏன் இவ்வளவு பதட்டம்? அதே 2006 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு கூத்து நடந்தது. பேயர் நிறுவனத்தின் சோதனை நெல் ரகம் ஒண்ணு, சாப்பாட்டுக்கு அனுமதியே வாங்காதது, கடைக்குப் போற அரிசியில் கலந்திருக்கிறது தெரிஞ்சுபோச்சு. எப்படிக் கலந்ததுன்னு யாருக்கும் சரியா விளங்கலை. ஏற்றுமதி அடிவாங்கி, அந்த ஊர் நெல் விவசாயிகள் கேஸ் போட்டு, 2011-ல் 75 கோடி டாலர் கொடுத்து சமரசம் பண்ணிக்கிட்டாங்க. அமெரிக்க விவசாயிக்குக் கேஸ் போடவும் நஷ்டஈடு வாங்கவும் வழி இருந்தது. ஆலாந்துறையில் பக்கத்து வயலில் அப்படிக் கலந்திருந்தா அந்த விவசாயி யாரைப் போய்ப் பார்க்கிறது?

சரி, கோபம் நியாயம். பிடுங்கினது நியாயமா? அதைவிட முக்கியமான கேள்வி: அதை அஹிம்சைன்னு சொல்லலாமா?

*

இந்தக் கேள்விக்கு இந்தியாவில் ரொம்ப யோசிச்சவர் கர்நாடகாவின் பேராசிரியர் நஞ்சுண்டசாமி. கர்நாடக ராஜ்ய ரைத சங்கத்தின் தலைவர், சட்டம் படிச்சவர், 2004-ல் காலமானார். 1998 நவம்பர் 28-ஆம் தேதி ராய்ச்சூர் மாவட்டம் மலதகல் கிராமத்தில் மான்சான்டோவின் பி.டி. பருத்தி சோதனை வயலை அவங்க சங்கம் பிடுங்கிக் கொளுத்தியது. "மான்சான்டோவுக்குச் சிதை"ன்னு பேர் வச்ச போராட்டம். அதை அவர் நடத்தின விதம்தான் எனக்குப் பிடிச்சது.

முன்கூட்டியே அறிவிச்சார். இந்த நாள் செய்யப் போறோம், பத்திரிகைக்காரங்க வரட்டும், கேமரா வரட்டும்னு கடிதம் எழுதினார். முகத்தை மூடிக்கிட்டு ராத்திரியில் போகலை, பட்டப்பகலில் போனாங்க. விவசாயிக்கு ஆகிற நஷ்டத்தைச் சங்கம் கொடுக்கும்னு முதலிலேயே சொன்னார். எல்லாத்துக்கும் மேல, வயல்காரரே கூட நின்னு பிடுங்கினார். கம்பெனிக்காரங்க புது ரகம்னு சொல்லி இலவசமா விதை கொடுத்ததால நட்டவர் அவர். அது என்ன விதைன்னு அவருக்குச் சொல்லப்படலை.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னா இது 1930 வேதாரண்யம் மாதிரி. ராஜாஜி திருச்சியிலிருந்து உப்பெடுக்க நடந்தபோது எந்த வழியாப் போறோம், எங்கே போறோம்னு எல்லாம் சர்க்காருக்குத் தெரியும். சட்டத்தை மீறினாங்க, ஜெயிலுக்குப் போனாங்க, ஒளியலை.

அதே சங்கம் 1993-ல் பெல்லாரியில் கார்கில் நிறுவனம் கட்டிக்கிட்டிருந்த விதை ஆலையை இடிச்சது. அதுக்கு முந்தின வருஷக் கடைசியில் பெங்களூரில் அதே கம்பெனி ஆபீஸில் புகுந்து காகிதத்தையெல்லாம் அள்ளிப் போட்டு எரிச்சது. ஆளை அடிக்காத வரைக்கும் அது அஹிம்சைதான்னு சங்கத்தின் வாதம். எனக்கு ஒப்பலை. நானும் ஒரு ஆபீஸில் உட்கார்ந்து பொட்டி தட்டுறவன். நூறு பேர் திடீர்னு உள்ளே புகுந்து ஃபைலைத் தூக்கி எரிச்சா, என் மேல ஒரு கை படலைன்னாலும் அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. எதிரில் இருக்கிறவன் பயந்து நடுங்குற போராட்டத்தை அஹிம்சைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. மலதகலில் யாரும் பயப்படலை. ரெண்டுக்கும் சங்கம் ஒண்ணு, கம்பெனி மேல இருக்கிற கோபமும் ஒண்ணு. செய்த விதம் வேற.

இங்கிலாந்திலும் ஒரு உதாரணம் உண்டு. 1999 ஜூலையில் நார்ஃபோக் பக்கம் லிங் கிராமத்தில் கிரீன்பீஸ் ஆட்கள் 28 பேர் மரபணு மாற்றிய மக்காச்சோளத்தை வெட்டினாங்க. தலைமை தாங்கின பீட்டர் மெல்செட் பிரபு மாஜி அமைச்சர், தானே விவசாயி. மகரந்தம் பறக்கிறதுக்கு முன்னால தடுத்தோம், செய்ததை ஒத்துக்கறோம்னு கோர்ட்டில் நின்னாங்க. 2000 செப்டம்பரில், சொத்துக்குச் சேதம் விளைவிச்ச குற்றத்திலிருந்து ஜூரி அவங்களை விடுவிச்சது. ஊர்க்காரங்களே உட்கார்ந்து கேட்டு விடுவிச்சதால இது எனக்குப் பெரிய விஷயமாத் தெரியுது.

*

இது வரைக்கும் படிச்சுட்டு "அப்ப நீ பிடுங்குற கட்சி"ன்னு முடிவு பண்ணியிருந்தீங்கன்னா, கொஞ்சம் பொறுங்க.

2012. அதே இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையம். அரசுப் பணத்தில் நடக்கிற இடம். அசுவினிப் பூச்சியை விரட்டுற வாசனையைத் தானே வெளியிடுற கோதுமையை மரபணு மாற்றி உருவாக்கி, வயலில் சோதனை பண்ணினாங்க. எங்கே, என்ன, எதுக்குன்னு எல்லாம் வெளிப்படையாச் சொல்லியிருந்தாங்க. ஒரு குழு, மே மாசம் 27-ஆம் தேதி வந்து பிடுங்கப் போறோம்னு அறிவிச்சது. விஞ்ஞானிகள் வீடியோவில் தோன்றி, பிடுங்காதீங்க, வந்து பேசுங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. போலீஸ் காவல் போட்டதில் வயல் தப்பிச்சது. சோதனை முடிஞ்சு 2015-ல் முடிவு வந்தது: ஆய்வுக்கூடத்தில் வேலை செஞ்ச கோதுமை, வயலில் வேலை செய்யலை. அசுவினி அது பாட்டுக்கு வந்து உட்கார்ந்தது. அந்த முடிவையும் அவங்களே வெளியிட்டாங்க.

யோசிச்சுப் பாருங்க. அன்னிக்குப் பிடுங்கியிருந்தா, "அருமையான கோதுமை, மூடர்கள் அழிச்சுட்டாங்க"ன்னு இன்னி வரைக்கும் ஒரு கூட்டம் சொல்லிக்கிட்டிருக்கும். விட்டுவச்சதால உண்மை தெரிஞ்சது. மென்பொருள்காரங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, டெஸ்ட் ஓடிக்கிட்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிட்டு, புரோகிராம் சரியில்லைன்னு சொல்ல முடியாது. நம்ம சந்தேகம் சரிதான்னு நிரூபிக்கிறதுக்கும் டெஸ்ட் ரிசல்ட் வேணும்.

2013 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸில் தங்க அரிசி சோதனை வயலைப் பிடுங்கினபோதும் இதேதான். வைட்டமின் ஏ சத்துக்காக அரசு ஆராய்ச்சிக்காரங்க செய்த சோதனை. சரியோ தப்போ, பிடுங்கினதால எந்தப் பக்கத்துக்கும் பதில் கிடைக்கலை. சண்டை மட்டும் தொடர்ந்தது. 2021-ல் அனுமதி கொடுத்தாங்க, 2024-ல் கோர்ட் அதை ரத்து பண்ணிச்சு.

ஆக, மலதகலுக்கும் ராதம்ஸ்டெட்டுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டிலும் மரபணு மாற்றின பயிர்தான், ரெண்டிலும் முன்னாலேயே தேதி சொன்ன போராட்டம்தான். மலதகலில் மறைச்சு நட்டாங்க, ராதம்ஸ்டெட்டில் சொல்லிட்டு நட்டாங்க. மறைச்சு நட்டதைப் பிடுங்கினா மறைச்சது வெளியே வருது. சொல்லிட்டு நட்டதைப் பிடுங்கினா, வெளியே வர வேண்டிய ஒரு உண்மையை நாமே மறைக்கிறோம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மத்ததெல்லாம் இதுக்கு விளக்கம்.

*

கத்தரிக்காய்க்கு வருவோம். இதில் நம்ம தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. பி.டி. கத்தரியை மஹிகோ மட்டும் செய்யலை. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தார்வாட் பல்கலைக்கழகமும் கூட்டு. கோ 2, எம்.டி.யு. 1, பி.எல்.ஆர். 1 மாதிரி நம்ம சொந்த ரகங்களில் அந்த ஜீனை ஏத்தினாங்க. அதோட பாதுகாப்பு ஆய்வுத் தகவலைக் காட்டுங்கன்னு கேட்டபோது வியாபார ரகசியம்னு பதில் வந்தது. தகவல் உரிமைச் சட்டத்திலும் கோர்ட்டிலும் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி, 2008-ல்தான் தகவல் பொதுவுக்கு வந்தது.

2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் குழு பச்சைக் கொடி காட்டியது. அப்போ சுற்றுச்சூழல் அமைச்சரா இருந்த ஜெய்ராம் ரமேஷ், ஏழு ஊரில் மக்களைக் கூட்டி வச்சுக் கேட்டார். கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத், பெங்களூர். சென்னை கிடையாது. விவசாயி, விஞ்ஞானி, டாக்டர், கத்தரிக்காய் வாங்கிச் சமைக்கிற அம்மா எல்லாரும் போய் மைக்கைப் பிடிச்சாங்க. இங்கே நம்மாழ்வார் ஊர் ஊராப் போய்ப் பேசினார். 2010 பிப்ரவரி 9-ஆம் தேதி தடை வந்தது. இன்னி வரைக்கும் நீங்கலை.

இந்தத் தடையைக் கொண்டுவந்தது வெளியே வந்த ஆவணமும் கூடின கூட்டமும். ஆனா அந்தக் கூட்டம் கூடுற அளவுக்கு ஊருக்கு விஷயம் தெரிஞ்சதில் ஆலாந்துறைக்கும் ராம்புராவுக்கும் பங்கு இருக்குன்னு நான் நம்புறேன். பிடுங்கினது ஒரு மணியடிச்ச மாதிரி. மணியடிச்சா கூட்டம் சேரும், முடிவை அந்தக் கூட்டம்தான் எடுக்கணும். மணியே முடிவாயிடாது.

பருத்தியில் மணி அடிச்சும் கூட்டம் கூடலை. மலதகலில் எரிச்சது 1998-ல். 2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு அனுமதி வந்தாச்சு. அதுக்கு முன்னாடியே, 2001-ல், குஜராத்தில் அனுமதி இல்லாத பி.டி. பருத்தி ஆயிரக்கணக்கான ஏக்கரில் விளைஞ்சு நின்னது. விவசாயிகளே விரும்பி வாங்கி நட்டாங்க. இன்னிக்கு இந்தியப் பருத்தியில் பெரும்பகுதி அதுதான். 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல வித்துக்கிட்டிருந்ததை, ஆந்திர அரசு வழக்குப் போட்டு, 2006-ல் 750-க்கு இறக்க வேண்டியிருந்தது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு கொஞ்ச வருஷத்திலேயே அந்த நஞ்சுக்குப் பழகிக்கிட்டது. லாபமும் இருந்தது, நஷ்டமும் இருந்தது. ஆனா எதையும் விவசாயியை உட்கார வச்சுப் பேசி முடிவு பண்ணலை.

*

இப்போ ஒரு வேடிக்கை. 2019 ஜூன் 10. மகாராஷ்டிராவில் அகோலா மாவட்டம், அகோலி ஜஹாங்கீர் கிராமம். ஆயிரம் பேருக்கு மேல விவசாயிகள் கூடியிருக்காங்க. சட்டத்தை மீறப் போறோம்னு அறிவிச்சுட்டுத்தான் கூடினாங்க. எதுக்குன்னு நினைக்கிறீங்க? தடை செய்யப்பட்ட மரபணுப் பயிரை நடுறதுக்கு! களைக்கொல்லியைத் தாங்குற பருத்தியை வெளிப்படையா நட்டாங்க. நடத்தினது சரத் ஜோஷி ஆரம்பிச்ச ஷேத்கரி சங்கடனா. களை எடுக்கக் கூலி கட்டுப்படியாகலை, எனக்கு எது வேணும்னு நான் முடிவு பண்றேன்னு சொன்னாங்க. அப்போதைய சட்டப்படி அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில் கிடைக்கக்கூடிய குற்றம். தெரிஞ்சே செய்தாங்க, வழக்கையும் வாங்கிக்கிட்டாங்க. போராட்டத்துக்கு அவங்க வச்ச பேர் சத்தியாக்கிரகம்.

இதைப் படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நஞ்சுண்டசாமி செய்ததை அப்படியே திருப்பிப் போட்டிருக்காங்க. முன்னறிவிப்பு உண்டு, முகம் மூடலை, தண்டனைக்குத் தயார். நான் மலதகலுக்குக் கைதட்டினா அகோலாவுக்கும் ஒரு தட்டாவது தட்டித்தானே ஆகணும்? என் கட்சிக்காரன் செய்தா சத்தியாக்கிரகம், எதிர்க்கட்சிக்காரன் செய்தா சட்டவிரோதம்னு சொன்னா அது உள்குத்து அரசியல்.

அவங்க துணிச்சலை மதிக்கிறேன். ஆனா ஒரு இடம் இடிக்குது. பக்கத்து வயல்காரர். அவர் சாதாரணப் பருத்தி விதை எடுக்கிறவரா இருந்தா, இவங்க நட்டதன் மகரந்தம் அவர் வயலுக்கும் போகும். அவரை யாரும் கேட்கலை. உப்பெடுத்த சத்தியாக்கிரகி தன் முதுகைத்தான் தடியடிக்குக் காட்டினார், பக்கத்து வீட்டுக்காரர் முதுகைக் காட்டலை. பிடுங்குறவருக்கும் நடுறவருக்கும் இது ஒரே சட்டமா இருக்கணும்: என் போராட்டத்தின் கஷ்டம் என் மேலதான் விழணும்.

*

நம்ம மலைக்கும் போராட்டம் புதுசு இல்லை. 2023 செப்டம்பரில் பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டு, கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கும். ஒரு செடியைப் பிடுங்கலை, ஒரு ஃபேக்டரிக் கண்ணாடியை உடைக்கலை. தன் வயித்தைத்தான் காயப்போட்டாங்க. அந்த மனுஷங்க கூட வளர்ந்தவன் நான். பச்சைப் பயிரைப் பிடுங்குறதுன்னா இவங்களுக்குக் கை நடுங்கும். அதனால அந்த நிலைமைக்கு ஒரு விவசாயியைத் தள்ளுறதே முதல் தப்புன்னு நினைக்கிறேன்.

இன்னிக்கு இந்தக் கேள்வி ஏன் அவசரம்? மாமா பேப்பரில் படிச்சது 2025 மே மாசம் மத்திய அரசு அறிவிச்ச ரெண்டு நெல் ரகம் பத்தி, கமலா, பூசா டி.எஸ்.டி. 1. வெளியிலிருந்து ஜீனைக் கொண்டுவராமல், நெல்லோட சொந்த ஜீனையே திருத்தினது. இந்த வகைப் பயிர்கள் பழைய மாதிரி மத்தியக் குழுவின் படி ஏற வேண்டாம்னு 2022-ல் விதிவிலக்கு கொடுத்துட்டாங்க. அன்னிய ஜீன் எதுவும் மிச்சம் இல்லைன்னு நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு பார்த்துச் சொன்னாப் போதும். விஞ்ஞான ரீதியா இது சாதாரணக் கலப்புக்குக் கிட்டத்தட்ட சமம்னு சொல்றாங்க. அது சரியாகவே இருக்கலாம், நான் அந்தத் துறை இல்லை. என் கவலை வேற. பக்கத்து வயல்காரருக்கு விஷயம் தெரிய வர்ற கதவு இன்னும் ஒண்ணு மூடிடுச்சு. கதவை மூடினா ஜன்னலை உடைக்கிறவன் வருவான். அப்புறம் அவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

*

மாமாவுக்குப் போன் பண்ணி என் பதிலைச் சொன்னேன். சுருக்கமா இதுதான்.

"மாமா, முத்தோரையில் நட்டா நான் மூணு கேள்வி கேட்பேன். வேலை செய்யறவங்களுக்கும் சுத்தி உருளை போடறவங்களுக்கும் என்ன நடுறாங்கன்னு சொன்னாங்களா? சோதனைக் கிழங்கு ஒண்ணுகூட மண்ணில் தங்கி அடுத்த போகத்தில் முளைக்காமப் பார்த்துக்க யார் பேர் போட்டுப் பொறுப்பேத்திருக்காங்க? முடிவு நல்லதோ கெட்டதோ, வெளியிடுவாங்களா? மூணுக்கும் பதில் இருந்தா நான் பிடுங்க வர மாட்டேன். நீங்க போனாலும் தடுப்பேன். வாசல்ல உட்கார்ந்து ரிசல்ட்டைக் கேட்போம்."

"பதில் இல்லைன்னா?"

"முதல்ல எழுதிக் கேட்போம். ஊர்க்கூட்டம் போடுவோம். அப்பவும் வாயைத் திறக்கலைன்னா தேதி சொல்லிட்டு வருவேன். பகல்லதான் வருவேன். ஆதார் கார்டோட."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. சிக்னல் போயிடுச்சோன்னு நினைச்சேன்.

"எல்லாம் சரி. கர்நாடகாக்காரர் நஷ்டஈடு தரேன்னு சொல்லிட்டுத்தானே புடுங்கினார்னு சொன்னே? இங்க யாரு கொடுக்கிறது? உன் சம்பளத்தில் பிடிச்சுக்கலாமா?"

சிரிச்சு மழுப்பப் பார்த்தேன். இந்தத் தடவையும் அவர் சிரிக்கலை. நியாயம்தான். அடுத்தவன் வயலில் இறங்கி வீரம் காட்டிட்டு, திங்கட்கிழமை காலையில் ஏ.சி. ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்துக்கிறவன் பேச்சுக்கு ஊரில் மதிப்பு இல்லை. ஒரு மாசச் சம்பளம்னு சொல்லியிருக்கேன். எழுதியும் வச்சுட்டேன், நீங்க எல்லாரும் சாட்சி.

டிஸ்கி: மரபணுப் பயிர் விஷமா அமிர்தமான்னு இந்தப் பதிவில் நான் எங்கேயும் சொல்லலை, ரெண்டு கட்சிக்காரங்களும் கும்ம வரலாம் :-) ஆலாந்துறைப் பக்கத்து நண்பர்கள் யாராவது 2006-ல் அங்கே இருந்திருந்தா, பின்னூட்டத்தில் உங்க ஞாபகத்தை எழுதுங்க. முக்கியமா, அந்த வயல்காரருக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரிஞ்சா சொல்லுங்க. மாமா கேட்டுக்கிட்டே இருக்கார்.